பான்ஷீயில் டைமிங்கை நாலு டிகிரி ஏற்றினால் என்ன ஆகும்?

கேள்வி சுருக்கமாக: கேட்டவர் வைத்திருப்பது 2004 மாடல் யமஹா பான்ஷீ 350, டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கொண்ட நான்கு சக்கர ஏடிவி. சிலிண்டர், ஹெட் இரண்டும் கம்பெனியில் வந்தபடியே இருக்கின்றன. எக்ஸாஸ்ட் பைப் மாற்றி, ஏர்பாக்ஸ் மூடியைக் கழற்றி, அதற்கேற்ப ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளை) ஏற்றியிருக்கிறார். குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் ஓட்டுகிறார். கூட ஓட்டுபவர்கள் "டைமிங் பிளேட் வாங்கிப் போட்டு பிளஸ் நாலு வை, வண்டி பறக்கும்" என்கிறார்கள். இன்னொருவர் பிளேட்டுக்குக் காசு எதற்கு, மேக்னட் கீயை (மேக்னட்டைத் தண்டில் சரியான இடத்தில் நிறுத்தும் சிறு ஆப்பு) அரத்தால் தேய்த்தால் போதும் என்கிறார். உண்மையில் எவ்வளவு பவர் ஏறும், பிஸ்டன் ஓட்டை விழுமா, கீயைத் தேய்க்கலாமா, ரேஸ் பெட்ரோல் ஊற்றினால் இன்னும் ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறார்.

பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் இன்னும் எத்தனை டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போது பிளக் பொறி விடுகிறது என்பதுதான் டைமிங்; அதை இன்னும் முன்னே தள்ளுவது ஏற்றுவது, அதாவது அட்வான்ஸ். நாலு டிகிரி ஏற்றினால் வித்தியாசம் கட்டாயம் தெரியும். ஆக்சிலேட்டரை அமுக்கியதும் வண்டி பிடித்து இழுக்கும், பைப் சீக்கிரம் பிடிக்கும். இது எல்லாம் நடு ஆர்பிஎம்மில் நடப்பது. மேலே, முழு வேகத்தில், உச்ச பவர் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கும். அதற்கும் மேலே, இன்ஜின் கத்திக்கொண்டே ஓடுகிற கடைசிப் பகுதியில், கொஞ்சம் குறையவே செய்யும். நாலு டிகிரிக்குப் பத்துக் குதிரை கூடும் என்று யாராவது சொன்னால், அவர் பிளேட் விற்கிறவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏன் இப்படி என்பது புரிந்தால்தான் எங்கே நிறுத்துவது என்பதும் புரியும். பிளக் பொறி விட்ட கணத்திலேயே உள்ளே இருக்கும் கலவை மொத்தமும் எரிந்துவிடாது. தீ பிளக்கில் பிறந்து சிலிண்டர் சுவர் வரை பரவ வேண்டும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறி விட வேண்டியிருக்கிறது. எரிந்து எழும் அழுத்தம் பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறத்தாழ 12 முதல் 15 டிகிரி இறங்கும்போது உச்சத்தைத் தொட்டால், கிராங்குக்குக் கிடைக்கும் தள்ளு அதிகம். ஊஞ்சலை எந்த நேரத்தில் தள்ளுகிறோம் என்பது போலத்தான். திரும்பிப் போகத் தொடங்கியதும் தள்ளினால் வேகம் கூடும், நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் கைதான் வலிக்கும். இன்ஜினில் அந்த வலி பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் போய்ச் சேரும்.

நாம் பேசுவது எவ்வளவு சின்ன நேரம் என்று பாருங்கள். 9000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 6.7 மில்லிசெகண்ட். அதில் நாலு டிகிரி என்பது 0.074 மில்லிசெகண்ட். அந்த இடைவெளிக்குள்தான் நல்ல இழுப்பும் உருகிய பிஸ்டனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

டூ ஸ்ட்ரோக் இன்ஜின் எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே டைமிங்கைக் கேட்பதில்லை. பைப் பிடிப்பதற்கு முன் சிலிண்டர் சரியாக நிரம்புவதில்லை. எரிந்து முடிந்த புகையும் புதுக் கலவையோடு பாதி கலந்து கிடக்கும். அந்தக் கலவை மந்தமாக எரியும், ஆகவே பொறி சீக்கிரம் வேண்டும். பைப் நன்றாகப் பிடிக்கும் ஆர்பிஎம்மில், வெளியே ஓடப் பார்த்த கலவையைப் பைப்பின் அலை திருப்பித் தள்ளி சிலிண்டரை நிறைத்துவிடுகிறது. அழுத்தம் அதிகம், எரிவது வேகம், நாக்கிங் (தீ வந்து சேர்வதற்குள் கலவை தானாக வெடிப்பது) வரும் அபாயமும் அங்கேதான் அதிகம். அந்த இடத்தில் இன்ஜின் குறைவான அட்வான்ஸைத்தான் கேட்கிறது. அதையும் தாண்டிப் போனால் இன்னும் குறைத்தால்தான் நல்லது, அதற்குக் காரணம் பைப்.

பலர் இந்தப் பைப் விஷயத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்று சொல்லும் இந்த டூ ஸ்ட்ரோக் பைப் வேலை செய்வது ஒலி அலையால். ஒலியின் வேகம் வாயுவின் சூட்டைப் பொறுத்தது. கெல்வினில் சொன்னால் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். பொறியைத் தாமதித்தால் எரிவது தாமதமாகி, சூடு பைப்புக்குள் போகும். பைப் சூடானால் அலை வேகமாகத் திரும்பும், அப்போது பைப் இன்னும் உயர்ந்த ஆர்பிஎம்முக்கு ட்யூன் ஆன மாதிரி நடந்துகொள்ளும். உதாரணமாக, பைப்பில் வாயு சராசரியாக 600 டிகிரி செல்சியஸில் இருந்து 650க்கு ஏறினால் அலையின் வேகம் 2.8 சதவீதம் கூடும். 8500 ஆர்பிஎம்மில் அது சுமார் 240 ஆர்பிஎம் வித்தியாசம். அட்வான்ஸ் ஏற்றும்போது நடப்பது இதற்குத் தலைகீழ். சூடு பைப்புக்குப் போகாமல் ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் போகிறது, பைப் குளிர்கிறது, உச்சி சற்றே கீழே இறங்குகிறது. பிளஸ் நாலு வைத்த வண்டியில் "நடுவில் செம பிக்கப், மேலே சீக்கிரம் மூச்சு வாங்குது" என்று ஓட்டுபவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

டைமிங் பிளேட்டின் குறையும் இங்கேயே தெரிந்துவிடும். மேக்னட்டுக்குப் பின்னால் காயில்களைத் தாங்கும் ஸ்டேட்டர் பிளேட்டைத் திருப்பினால், சிடிஐ (பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் வைத்திருக்கும் டைமிங் வளைவு மொத்தமும் அப்படியே நகர்கிறது. கீழே தேவைப்படும் நாலு டிகிரி, தேவைப்படாத உச்சியிலும் சேர்ந்தே வந்துவிடுகிறது. லாபம் நடுவில், ஆபத்து மேலே. ப்ரோகிராம் செய்யக்கூடிய சிடிஐ வாங்கினால் கீழே ஏற்றி, பைப் பிடிக்கும் இடத்தில் இறக்கி, கடைசியில் இன்னும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். விலை பிளேட்டைவிடப் பல மடங்கு. கம்பெனி சிலிண்டர் உள்ள வண்டிக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பது என் கருத்து. போர்ட்டிங் செய்து (சிலிண்டரின் வாயு வழிகளைச் செதுக்கி), ஹெட் மாற்றிய பிறகு யோசித்தால் போதும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இன்ஜின் அந்நியமல்ல. 64 மில்லிமீட்டர் போர், 54 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 347 சிசி, இரட்டை சிலிண்டர். எஸ்கார்ட்ஸ் இங்கே ராஜ்தூத் 350 என்ற பெயரில் விற்ற ஆர்டி350யின் அளவும் இதேதான். பான்ஷீயினுடையது அதே குடும்பத்தில் பின்னால் வந்த தண்ணீர் குளிர்ச்சி இன்ஜின். ஆர்டியில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் தொடுமுனை). கம்பெனி சொன்ன டைமிங் பிஸ்டன் உச்சிக்கு 2.0 மில்லிமீட்டர் முன். பிளக் ஓட்டையில் டயல் கேஜை இறக்கி, பாயிண்டுக்கு நடுவே சிகரெட் பெட்டித் தாளைச் செருகி, தாள் நழுவும் இடத்தைப் பார்த்து டைமிங் வைத்த பழைய மெக்கானிக்குகள் டிகிரி என்ற பேச்சையே எடுக்காமல் சரியாக வேலை செய்தார்கள். பான்ஷீயில் பாயிண்ட் கிடையாது, ஆனால் அந்த மில்லிமீட்டர் கணக்கு அப்படியே செல்லும். கனெக்டிங் ராட் 110 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் 17 டிகிரிக்கு பிஸ்டன் உச்சியில் இருந்து 1.46 மில்லிமீட்டர் கீழே இருக்கும். 19 டிகிரிக்கு 1.82, 21க்கு 2.22, 23க்கு 2.65. ஆர்டியின் 2.0 மில்லிமீட்டர் கிட்டத்தட்ட சரியாக 20 டிகிரி. இந்த வட்டாரத்தில் ஒரு டிகிரிக்கு 0.2 மில்லிமீட்டர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டயல் கேஜ் பாதி மில்லிமீட்டர் பிசகினால் இரண்டரை டிகிரி போய்விடும். லாங் ராட் கிராங்க் போட்ட வண்டி என்றால் இந்த எண்கள் கொஞ்சம் மாறும், உங்களுடையதில் அந்தப் பிரச்சினை இல்லை.

பிளேட் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அட்வான்ஸ் ஏற்றுவது இன்ஜினில் இருக்கும் பாதுகாப்பு இடைவெளியைச் செலவு செய்வது. இடைவெளி இருக்கிறதா என்று தெரியாமல் செலவு செய்யக்கூடாது.

முதலில் கம்ப்ரஷன். இன்ஜினைச் சூடாக்கி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, முள் ஏறுவது நிற்கும்வரை கிக் அடித்து, இரண்டு சிலிண்டரிலும் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவேண்டும் என்பது எண்ணைவிட முக்கியம். கம்பெனி ஹெட்டில் 120 பிஎஸ்ஐ வாக்கில் வந்தால் வேலை செய்ய இடம் இருக்கிறது. 150ஐத் தாண்டி வந்தால் முன்பு வைத்திருந்தவர் ஹெட்டைக் கடைந்திருக்கிறார் என்று அர்த்தம். அப்போது பம்ப் பெட்ரோலில் டைமிங்கைத் தொடவே வேண்டாம். பழைய வண்டி வாங்கியவர்கள் "எல்லாம் ஸ்டாக்" என்ற பேச்சை நம்பக்கூடாது. பிளக் ஓட்டை வழியாக ஈயக்கம்பியை விட்டு, கிராங்கை மெல்லச் சுற்றி நசுக்கி, ஸ்க்விஷ் இடைவெளியையும் (உச்சியில் பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது) அளந்துவிடுங்கள். சுமார் 1.0 முதல் 1.2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. 2 மில்லிமீட்டரை நெருங்கினால் ஓரத்தில் தேங்கும் கலவைதான் முதலில் நாக் ஆகும்.

அடுத்தது காற்றுக் கசிவு. இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து 6 பிஎஸ்ஐ ஏற்றி, ஆறு நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம். பான்ஷீ ஆட்களிடம் இந்தக் கருவி கட்டாயம் இருக்கும், இரவல் வாங்கிக்கொள்ளலாம். மேக்னட்டைக் கழற்றும்போது பிளேட்டுக்குப் பின்னால் கிராங்க் சீலைப் பாருங்கள். அங்கே எண்ணெய்ப் பிசுக்காக ஈரம் இருந்தால் இடது பக்க சீல் போய்விட்டது. அந்த வழியாக உறிஞ்சப்படும் காற்று இடது சிலிண்டரின் கலவையை லீன் (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) ஆக்கும். நாலு டிகிரியும் அதோடு சேர்ந்தால் முதலில் சீஸ் ஆவது (சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடுவது) இடது பிஸ்டன்தான். சீல் விலை சொற்பம், கையோடு மாற்றிவிடலாம்.

பெட்ரோல் பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. அமெரிக்க பம்பில் எழுதியிருக்கும் 91ம் இந்திய பம்பின் 91ம் ஒன்றல்ல. அங்கே எழுதுவது இரண்டு ஆக்டேன் முறைகளின் சராசரி, இங்கே எழுதுவது ரிசர்ச் ஆக்டேன் மட்டும். கலிபோர்னியா பிரீமியம் 91 நம் கணக்கில் 95, 96 வாக்கில் வரும். நம் ஊரில் முன்பு சாதாவாக விற்ற 91 அவர்கள் கணக்கில் 87. இந்தியாவில் டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் அமெரிக்கக்காரர்கள் சொல்லும் "91ல் பிளஸ் நாலு தாங்கும்" என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் வம்பு. இங்கே 20 சதவீத எத்தனால் வேறு கலந்து வருகிறது. எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும் என்றாலும், அதே ஜெட்டில் கலவையை லீன் ஆக்கிவிடும். ஜெட்டை ஏற்றாமல் டைமிங்கை ஏற்றக்கூடாது. பான்ஷீக்கு ஆயில் கலந்த பெட்ரோல்தான், தனி ஆயில் பம்ப் இல்லை. பாதுகாப்புக்கு என்று ஆயிலை அள்ளி ஊற்றினால் அந்த இடத்தில் பெட்ரோல் குறைந்து கலவை லீன் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள். எந்த விகிதத்தில் கலக்கிறீர்களோ அதே விகிதத்தில் ஜெட்டிங் செய்து, பிறகு மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

இவை எல்லாம் சரி என்றால் வேலையைத் தொடங்கலாம். பான்ஷீயின் கம்பெனி ஸ்டேட்டர் பிளேட்டில் நகர்த்துவதற்கு நீள்துளை இல்லை, ஆகவே தனியாக விற்கும் பிளேட் வேண்டும். இடது பக்க மூடி, மேக்னட் நட், பிறகு அந்த மேக்னட்டுக்கே உரிய புல்லர். இரண்டு பக்கமும் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால் கிராங்க் கேஸ் உடையும், சுத்தியால் மேக்னட்டைத் தட்டினால் காந்தம் விட்டுப்போகும். பிளேட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் ஜப்பானிய ஜேஐஎஸ் தலை. சாதாரண ஸ்டார் டிரைவர் போட்டால் தலை மழுங்கிவிடும்; ஜேஐஎஸ் பிட் போட்ட இம்பாக்ட் டிரைவரில் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். கழற்றுவதற்கு முன் பழைய பிளேட்டின் ஓரத்திலும் கேஸிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வையுங்கள். எப்போது வேண்டுமானாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

எந்தப் பக்கம் திருப்புவது? மேக்னட் சுற்றும் திசைக்கு எதிராகப் பிளேட்டைத் திருப்பினால் அட்வான்ஸ். சுற்றும் திசையிலேயே திருப்பினால் ரிடார்ட், அதாவது பொறி தாமதம். படம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூடியைத் திறந்து வைத்து, கிக்கரை மெல்ல அமுக்கி மேக்னட் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். திரும்பப் பொருத்தும்போது கிராங்க் கூம்பையும் மேக்னட் உட்புறத்தையும் எண்ணெய் இல்லாமல் துடைத்து, ஒயர் எதுவும் மேக்னட்டில் உரசவில்லை என்று பார்த்து, நட்டை மேனுவலில் உள்ள டார்க்கில் இறுக்க வேண்டும்.

பிளேட்டில் பொறித்திருக்கும் கோடு "பிளஸ் 4" என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பிளேட்டுக்குப் பிளேட் ஒரு டிகிரி அப்படி இப்படி இருக்கும். பழைய நிலையில் ஒரு தடவை, புது நிலையில் ஒரு தடவை ஸ்ட்ரோப் லைட் அடித்துப் பாருங்கள். பான்ஷீயில் பேட்டரி கிடையாது, லைட்டுக்கு வெளியில் இருந்து 12 வோல்ட் பேட்டரி கொடுக்க வேண்டும். முதலில் டயல் கேஜை இடது சிலிண்டரில் இறக்கி பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். உச்சியில் பிஸ்டன் சில டிகிரி அசையாத மாதிரியே நிற்கும், அதனால் முள் நின்ற இடம்தான் உச்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. உச்சிக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு காட்டும் இரண்டு இடங்களைக் குறித்து, அவற்றின் நடுவை உச்சியாக எடுக்க வேண்டும். பிறகு 1.46, 1.82, 2.22 என்று பிஸ்டனை நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் மேக்னட்டில் வெள்ளை பெயிண்டால் கோடு. கேஸில் ஒரு முள் மாதிரி ஏதாவது ஒட்டி வைத்துக்கொள்ளலாம். பிளக் ஓட்டை சாய்வாக இருக்கும் ஹெட் என்றால் டயல் கேஜ் பொய் சொல்லும், அங்கே கிராங்கில் மாட்டிக் கோணத்தை அளக்கும் டிகிரி வீல்தான்.

அதே வேலையை வலது சிலிண்டரிலும் செய்து, வேறு நிறத்தில் கோடு போடுங்கள். பான்ஷீயில் இரண்டு பிஸ்டனும் 180 டிகிரி தள்ளி ஓடுகின்றன. ஒரே இக்னிஷன் காயில், இரண்டு ஒயர். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் இரண்டு பிளக்கும் சேர்ந்தே பொறி விடும், அதில் ஒன்று வீண் பொறி. ஆகவே ஸ்ட்ரோப் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை மின்னும். வெள்ளைக் கோடும் மற்ற நிறக் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக முள்ளுக்கு எதிரே நிற்கும். இரண்டும் பிரிந்து தெரிந்தால், கிராங்க் எங்கோ முறுக்கியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். அழுத்திப் பொருத்திய கிராங்க் இது, மணலில் கடுமையாக ஓட்டிய பழைய வண்டிகளில் நடக்கக்கூடியதுதான். இரண்டு டிகிரி முறுக்கல் இருக்கும் இன்ஜினில் நீங்கள் பிளஸ் நாலு வைத்தால் ஒரு சிலிண்டருக்கு பிளஸ் ஆறு போகிறது. ஸ்ட்ரோப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம்மை ஏற்றினால் கோடு ஓரிடத்தில் நிற்காமல் நகர்வதும் தெரியும். அது சிடிஐயின் வளைவு, பழுது இல்லை. எந்த ஆர்பிஎம்மில் அளந்தீர்களோ அதையும் கூடவே எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை ஒப்பிட முடியாது. இந்த வேலையின்போது மேக்னட் திறந்தே சுற்றும். தொங்கும் கயிறு, தளர்ந்த கை எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு என் பதில்: முதலில் பிளஸ் இரண்டு. அதே பெட்ரோல், அதே ஜெட், அதே மேடு, முடிந்தால் அதே நேரம். கிளாமிஸில் ஓல்ட்ஸ்மொபைல் ஹில் இருக்கிறது, அதில் ஒரே கியரில் ஏறிப் பாருங்கள். மணலில் வண்டிக்கு ஓய்வே இல்லை. ரோட்டில் பத்து நொடி முழு ஆக்சிலேட்டர் என்றால் மணலில் மேடு முடியும்வரை முழுச் சுமை. ரோடு வண்டியில் தாங்கும் அட்வான்ஸ் மணலில் தாங்காமல் போவது இதனால்தான். காலையில் குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும், கலவை லீன் பக்கம் போகும். மதியம் சரியாக ஓடியது என்பதை வைத்து மறுநாள் காலை அடித்து ஓட்டக்கூடாது. ஆகவே ஜெட்டிங்கை நீங்கள் ஓட்டும் நேரங்களில் மிகக் குளிரான நேரத்துக்கு ஏற்ப வையுங்கள்.

பிளஸ் இரண்டில் எல்லாம் சுத்தம் என்றால் பிளஸ் நாலு. கம்பெனி ஹெட், நல்ல பிரீமியம் பெட்ரோல், சரியான ஜெட் இருந்தால் பான்ஷீ அதைத் தாங்கும். பல பேர் வருஷக்கணக்கில் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அதற்கு மேல் பம்ப் பெட்ரோலில் நான் யாருக்கும் சொல்வதில்லை.

சுத்தமா இல்லையா என்பதைச் சொல்வது பிளக். நாக்கிங் சத்தத்தைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், பைப் போடும் இரைச்சலில் அது கேட்காது. புது பிளக் ஒரு ஜோடி போட்டு, மேட்டில் முழு ஆக்சிலேட்டரில் இழுத்து, உச்சியில் கிளட்சைப் பிடித்து, அதே நொடியில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். ஐடிலில் ஓட்டிக்கொண்டு வந்து பார்த்தால் பிளக் சொல்வது ஐடிலைப் பற்றித்தான். வளைந்த தரைக்கம்பியில் சூட்டால் நிறம் மாறிய ஒரு கோடு தெரியும். டைமிங் குறைவாக இருந்தால் அது கம்பியின் நுனிப் பக்கம் நிற்கும். ஏற்ற ஏற்ற வளைவைத் தாண்டி மரையை நோக்கி இறங்கும். வளைவின் பக்கத்தில் இருக்கும்வரை நல்லது, மரையை நெருங்கிவிட்டால் பின்வாங்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்து வெள்ளைப் பீங்கானையும் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போல் கருப்புப் புள்ளிகளோ, வெள்ளியாக மின்னும் மணிகளோ இருந்தால் நாக்கிங் ஆரம்பித்துவிட்டது. மின்னுவது பிஸ்டனின் அலுமினியம். அன்றைக்கு வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு டிகிரி இறக்குங்கள், ஜெட்டையும் ஒருமுறை பாருங்கள்.

பிஸ்டன் ஓட்டை விழுமா என்று கேட்டீர்கள். இரண்டு விதமான சேதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓரத்தில் தேங்கிய கலவை, தீ வந்து சேர்வதற்குள் தானாக வெடிப்பது டெட்டனேஷன். அது பிஸ்டன் தலையின் ஓரத்தை, பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பக்கம், மணல் அடித்தது போல் கொறித்துவிடும். ஹெட்டின் ஸ்க்விஷ் வளையத்திலும் அதே கொறிப்பு தெரியும். பொறி வருவதற்கு முன்பே, செக்கச் சிவந்த பிளக் நுனியோ கார்பனோ கலவையைப் பற்றவைப்பது வேறு, அது ப்ரீ இக்னிஷன். பிஸ்டன் நடுவில் ஓட்டை போடுவது பெரும்பாலும் இதுதான். முதலாவது நீடித்தால் ஹெட்டும் பிளக்கும் சூடேறி இரண்டாவதைக் கூட்டிவந்துவிடும். கம்பெனி பிளக் என்ஜிகே பிஆர்8இஎஸ். அட்வான்ஸ் ஏற்றி மணலில் ஓட்டுபவர்கள் பிஆர்9இஎஸ் போடுவதில் அர்த்தம் இருக்கிறது, என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி.

எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் மீட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அட்வான்ஸ் ஏற்றினால் அந்த மீட்டரில் சூடு குறைந்துதான் காட்டும். "சூடு இறங்கிவிட்டது, இன்னும் லீன் பண்ணலாம்" என்று ஜெட்டை இறக்கினால் அது நேரே பிஸ்டனில் போய் முடியும். சூடு எங்கேயும் போகவில்லை, பைப்பில் இருந்து ஹெட்டுக்கு இடம் மாறியிருக்கிறது. ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டும் மீட்டர்தான் இந்த விஷயத்தில் நம்பகமானது. கிக் அடிக்கும்போது கிக்கர் காலைத் திருப்பி அடித்தாலும் டைமிங் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மேக்னட் கீயைத் தேய்ப்பது வேண்டாம். மேக்னட்டைப் பிடித்துவைப்பது கீ இல்லை, கூம்பு வடிவ தண்டும் நட்டின் இறுக்கமும்தான் என்பது உண்மை. அதை வைத்துத்தான் அந்த யோசனையைச் சொல்கிறார்கள். ஆனால் தேய்த்த கீ மேக்னட்டை ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிறுத்தாது. இறுக்கும்போது எங்கே நின்றதோ அதுதான் டைமிங். அடுத்த முறை கழற்றி மாட்டினால் வேறு இடம். நட்டு கொஞ்சம் தளர்ந்தால் மேக்னட் தண்டின் மேல் சுழன்று கூம்பைக் கீறிவிடும், அதற்குப் பிறகு கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் பிளேட் கிடைக்காதவர்கள் இந்த மாதிரி வேலைகள் செய்திருக்கலாம், கையில் வேறு வழி இல்லை. பிளேட் கடையில் கிடைக்கும்போது அரத்தை எடுப்பானேன்?

ரேஸ் பெட்ரோல் பற்றி: ஆக்டேன் கூடினால் தானாக பவர் கூடாது. அது நாக்கிங் எல்லையைத் தள்ளிவைக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தை நீங்கள் கம்ப்ரஷனாலோ டைமிங்காலோ நிரப்பினால்தான் பலன். உங்கள் இன்ஜினில் கம்ப்ரஷன் கம்பெனி அளவில் இருப்பதால் முதல் காசை ஹெட்டுக்குப் போடுவதுதான் நல்லது. கம்ப்ரஷன் கூடினால் கீழே இருந்து மேலே வரை எல்லா ஆர்பிஎம்மிலும் பலன் உண்டு, டைமிங் போல் மேலே பறிக்காது. அப்படி ஹெட்டை மாற்றினால் டைமிங்கைப் பழைய இடத்துக்கு இறக்கி, மறுபடி முதலில் இருந்து ஏற்றிப் பார்க்க வேண்டும்.

உயரமான இடங்களுக்குப் போனால் கணக்கு மாறும். கிளாமிஸ் ஏறத்தாழ கடல் மட்டத்தில் இருக்கிறது. யூட்டாவின் லிட்டில் சஹாரா சுமார் 1500 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி 14 சதவீதம் வரை குறைவு. சிலிண்டர் அந்த அளவுக்குக் குறைவாகவே நிரம்பும், நாக்கிங் ஆபத்தும் குறையும். அங்கே பிளஸ் ஆறு வைத்து ஜாலியாக ஓட்டுகிறவர் சொல்வதைக் கேட்டு கிளாமிஸில் அதே இடத்தில் வைக்காதீர்கள். அங்கேயிருந்து கீழே வருபவர்கள் ஜெட்டை ஏற்றும்போதே பிளேட்டையும் இறக்கிவிட வேண்டும். பிளேட்டில் கோடு கீறி வைத்திருந்தால், மேக்னட்டைக் கழற்றி மாட்டும் நேரம்தான் செலவு.